கண்ணாடிக்கு அடியில் ஒரு தூசி

ஞாயிறு, இரவு

கைக்கடிகாரத்தை நான் வீசி உடைத்ததாக எதிர்வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. உடைந்தது கண்ணாடி மட்டும். அதுவும் மாப்பிள்ளை கையில்.

என் கணவரின் கடிகாரம் அது. நான் கட்டிக்கொள்ளட்டும் என்று மாப்பிள்ளை அவலூர்பேட்டையிலிருந்து புதுக் கண்ணாடியும் சின்னப் பட்டையும் வாங்கிவந்து, கூடத்தில் உட்கார்ந்து பொருத்தினார்.

"கட்டிப் பாருங்க அத்தை. மாமா இருந்தா பொறாமைப்பட்டிருப்பாரு."

"உள்ளே தூசி இருக்கிறது" என்றேன்.

கழற்றித் துடைத்தார். மறுபடி அழுத்தியபோது கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார்.

அந்தத் தூசி வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது.

காலையில் அவருக்கு எழுத வேண்டியது: மாப்பிள்ளை, வேறொரு கண்ணாடி போட்டுத் தாருங்கள். தூசி இருந்தாலும் கட்டிக்கொள்கிறேன். போனில் சொல்ல வேண்டாம். எப்போது வருவீர்கள் என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.