களப்புக்கு ஐந்து நட்சத்திரம்

09.01.2024, செவ்வாய்

காலையில் கூரியர்காரன் போன் எடுத்தான். "அக்கா, வந்திட்டன். ஆனா வீட்டைக் காணேல்ல. இஞ்ச கடல்தான் நிக்குது."

போன முறையும் இதே கதை. எங்கே நிற்கிறீர் தம்பி என்று கேட்டால், "போன் காட்டின இடத்தில" என்கிறான். கடைசியில் நானே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். மோட்டர்சைக்கிளின் முன்சில்லு அலையில் நனைய நனைய நின்றுகொண்டிருந்தான், பாவம். என் தையல் மெசினுக்கு வந்த மோட்டரை கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

அவனுடைய போனை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். வரைபடத்தில் பூவரசந்துறை என்ற பெயர் தண்ணீருக்கு மேல் கிடக்கிறது. கோயில், பாலர் பாடசாலை, கிணறு, எங்கள் வீடு, ஒன்றுமே இல்லை. கரையில் வெறும் வெள்ளை.

என் மனிசன் யோசெப்பிடம் சொன்னேன். அவர் முற்றத்தில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். "எங்களுக்கு எங்கட வீடு தெரியும்தானே. பிறகென்ன?"

இந்த மனிசனுக்கு அது காணும். எனக்குப் போதாது.

11.01, வியாழன்

வரைபடத்தை யாரும் திருத்தலாமாம்! யாரிடமும் கடிதம் வாங்கத் தேவையில்லை. முதலில் ஊரின் பெயரைக் கடலில் இருந்து கரைக்கு இழுத்தேன். பிறகு மாதா கோயிலைப் போட்டேன். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. பங்குச் சுவாமியிடம் கேட்டிருக்க வேண்டுமோ?

பின்னேரம் செய்தி வந்தது. "உங்கள் திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. நன்றி, யூலிற்றா." எனக்கு இவ்வளவு மரியாதையாக யாரும் நன்றி சொல்லிக் கனகாலம். யோசெப்புக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஆர் அனுப்பினது?"

"தெரியாது."

"தெரியாத ஆக்கள் நன்றி சொன்னால் கவனமா இரு."

20.01, சனி

நூல் வாங்க முல்லைத்தீவுக்குப் போனேன். மஹ்றூப் நானாவின் துணிக்கடையில் நின்றபடி சும்மா வரைபடத்தைத் தட்டிப் பார்த்தால், அந்தக் கடைக்குக் கீழே சிவப்பு எழுத்தில் "நிரந்தரமாக மூடப்பட்டது". நானா கதிரையில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "தங்கச்சி, தொண்ணூறில மூடினதுதான். முஸ்லிம் சனத்தை ஊரை விட்டுப் போகச் சொன்னாங்கள், மூடிப்போட்டுப் போனம். அது சரி. ஆனா திரும்பி வந்து திறந்து எத்தினை வருசம்! இதுக்கு ஆர் போய்ச் சொன்னது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பிளேன்ரீயை அதற்குப் பிறகு குடிக்கவில்லை.

அந்த இடத்திலேயே நின்று திருத்தினேன். படம் ஒன்று கேட்டது. நானா உள்ளே போய் வேறு சேட் போட்டுக்கொண்டு வந்து, கடை வாசலில் அடையாள அட்டைக்கு நிற்கிற மாதிரி நின்றார். நான் பஸ்ஸால் இறங்க முன்னமே பச்சை எழுத்து வந்துவிட்டது: "திறந்துள்ளது". போன் எடுத்துச் சொன்னேன்.

"ஓம் தங்கச்சி, பாத்திட்டன். கடைக்குள்ள இருந்துகொண்டுதான் பாத்தனான்."

நூலுக்குக் காசு வாங்க மறந்துவிட்டார். அல்லது மறக்கவில்லை.

24.01, புதன்

ஒவ்வொரு திருத்தத்துக்கும் புள்ளி தருகிறார்கள், புள்ளி கூடக்கூட நிலை ஏறுமாம். நான் இப்போது மூன்றாம் நிலை வழிகாட்டி. யோசெப் சோறு கேட்டார். பாலத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறேன், பொறுங்கோ என்றேன்.

30.01, செவ்வாய்

கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் ஸ்ரனிஸ்லஸ் அண்ணை வந்தார். வந்த விசயத்தைச் சொல்லாமல் மழையைப் பற்றிக் கதைத்தார், இறாலைப் பற்றிக் கதைத்தார். எழும்பிப் போகும்போது படலையில் நின்று தெருவைக் காட்டி, "பிள்ளை, எங்கட ஒழுங்கைக்குப் பேர் ஒண்டும் இல்லைத்தானே" என்றார்.

"இல்லை அண்ணை."

"என்ர பேரை நானே கேக்கிறது வடிவில்லை. நீயாப் போட்ட மாதிரி இருக்கட்டும்."

போட்டேன். ஸ்ரனிஸ்லஸ் ஒழுங்கை. நிராகரித்துவிட்டார்கள். போய்ச் சொன்னேன். அண்ணை கேட்டார்: "ஏன், அவைக்கு என்னைத் தெரியாதாமோ?"

04.02, ஞாயிறு

ஊரில் இனிப் போட ஒன்றும் இல்லை. நாலாம் நிலைக்குக் கொஞ்சப் புள்ளிதான் குறை.

மத்தியானம் யோசெப்புக்குச் சோறு கொண்டு, கடல் தண்ணீர் உள்ளே வந்து தேங்குகிற களப்புக்குப் போனேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசுகிறார். வலை வட்டமாக விரிந்து விழ, தண்ணீர் முழுக்க வெயில். கலியாணம் முடித்த நாளில் இருந்து பார்க்கிற காட்சிதான். இன்றைக்கு ஏனோ புதிதாக இருந்தது. படம் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து போட்டேன். பெயர்: இறால் பிடிக்கும் இடம். கீழே எழுதினேன்: "மிகவும் அழகான களப்பு. தரமான இறால். வாகனம் போகலாம்."

உடனே ஏற்றுக்கொண்டார்கள். நாலாம் நிலை!

11.02, ஞாயிறு

ஐயோ.

விடிய யோசெப் களப்புக்குப் போனால் அங்க மோட்டர்சைக்கிளுகள் நிக்குதாம். வவுனியாப் பெடியள். புது வலை, விலைச்சீட்டுக் கூடக் கழட்டேல்லயாம். தண்ணிக்க இறங்கிப் பாட்டுப் போட்டுக்கொண்டு நிக்கிறாங்களாம். ஆர் சொன்னது இந்த இடம் எண்டு கேட்டதுக்கு ஒருத்தன் போனை நீட்டியிருக்கிறான். போனுக்க பாத்தால் யோசெப்பின்ர முதுகு!

மனிசன் அரைப் பறி இறாலோட வந்தார். கத்தேல்ல. கத்தியிருந்தால் நல்லா இருந்திருக்கும். "அந்தக் களப்பிலதான் இந்த ஊர் சீவிக்குது. அதை நீ றோட்டில போறவனுக்குக் காட்டிக் குடுத்திட்டாய்" எண்டு மட்டும் சொன்னார்.

நான் நல்லதுக்குத்தானே செய்தனான்? நல்லதுக்கோ, புள்ளிக்கோ?

12.02, திங்கள்

யோசெப் உப்பு எங்கே என்றுகூடக் கேட்காமல், உப்பில்லாமல் சாப்பிட்டார்.

15.02, வியாழன்

சங்கம் கூப்பிட்டது. போனேன். ஸ்ரனிஸ்லஸ் அண்ணை நடுவில் இருந்தார், ஒழுங்கைக் கோபம் இன்னும் முகத்தில் இருந்தது. "பிள்ளை, போட்டது நீ. எடுக்கிறதும் நீ."

அவர்களுக்கு முன்னாலேயே அழிக்கக் கேட்டு அனுப்பினேன். எல்லோரும் என் போனைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதில் வந்தது: "இந்த இடம் உண்மையில் இருப்பதைப் பலர் உறுதிப்படுத்தியுள்ளனர்." பலர் என்றால் அந்த வவுனியாப் பெடியள்தான்.

"உண்மையில இருக்கிறதுதானே பிரச்சினை" என்றார் யோசெப். நாலு நாளைக்குப் பிறகு அவர் என் காதில் விழச் சொன்ன முதல் வசனம்.

பிறகு ஸ்ரனிஸ்லஸ் அண்ணைக்கே யோசனை வந்தது. எல்லோரும் அந்த இடத்தைக் கூடாது என்று எழுதுவோம், ஒருவரும் வரமாட்டார்கள்.

18.02, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வளவுக்குள் வைத்து எல்லோர் போனிலும் எழுதினோம். என்னுடையது: "இங்கே ஒன்றும் இல்லை. பாம்பு உண்டு." ஒரு நட்சத்திரம்.

ஸ்ரனிஸ்லஸ் அண்ணை சொல்லச் சொல்ல நான் தட்டினேன். "மதிப்புக்குரிய ஐயா, மேற்படி களப்பானது எவ்விதப் பிரயோசனமும் அற்றதென்பதைத் தாழ்மையுடன் அறியத் தருகிறேன்." கடைசியில் தன் பதவியும் போடச் சொன்னார். சங்கத் தலைவரே வந்து களப்புக்குப் பிரயோசனம் இல்லை என்றால் யார் அண்ணை நம்புவார்கள் என்று கேட்டேன். பதவி இல்லாமல் தான் ஒன்றும் எழுதுவதில்லையாம்.

பக்கத்து வீட்டு றஜித் போனைக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தான். "அக்கா, தவக்காலமெல்லோ. இப்பத்தான் நற்கருணை வாங்கினனான். எப்பிடிப் பொய் எழுதிறது?"

"அப்ப எழுதாதை."

எழுதிவிட்டான். "நல்ல இறால். கடவுளின் கொடை." ஐந்து நட்சத்திரம்.

19.02, திங்கள்

என்னுடைய பாம்புக்கு யாரோ கீழே பதில் எழுதியிருக்கிறார்கள்: "பாம்பு இல்லை. போய்ப் பார்த்தோம். இறால் பெரிது."

25.02, ஞாயிறு

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

இன்றைக்கு வருகிறவர்களை நேரே சொல்லித் திருப்பி அனுப்புவது என்று சங்கம் முடிவு. விடியவே எல்லோரும் களப்புக் கரையில் நின்றோம். ஸ்ரனிஸ்லஸ் அண்ணை வெள்ளைச் சேட்டோடு, பேச்சை மனப்பாடம் பண்ணிக்கொண்டு. கார் ஒன்று வந்தது. ஒரேயொரு மனிசன். பெருத்த வயிறு, தலையில் தொப்பி. இறங்கினார், எங்களுக்குக் கையைக் காட்டினார், நாங்கள் வரவேற்க நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நேரே தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். "அன்பான விருந்தினரே" என்று அண்ணை தொடங்க, ஆளைக் காணவில்லை.

தொப்பி மட்டும் மிதக்குது.

முந்தி மண் அள்ளின குழி அது. எங்கட ஆக்கள் எல்லாம் அதை விலத்தித்தான் நடக்கிறவை. அந்தாளுக்கு எப்பிடித் தெரியும்? கை ஒருக்கா மேல வந்துது. பிறகு அதுவும் இல்லை. நான் கத்தினன். ஆர் பேரைச் சொல்லிக் கத்தினன் எண்டே தெரியேல்ல.

யோசெப் ஓடிப்போய்க் குழி விளிம்பில் நின்று வலையை வீசினார். அதே வீச்சு, வட்டமாக விரிந்து. அந்த மனிசன் வலையைப் பிடித்துவிட்டார். "விடாதை! பிடி! விடாதை!" யோசெப் இழுக்க, றஜித் யோசெப்பை இழுக்க, ஸ்ரனிஸ்லஸ் அண்ணை வெள்ளைச் சேட்டோடு சேற்றுக்குள் விழுந்து றஜித்தை இழுக்க, கரைக்கு வந்து சேர்ந்தார். வலைக்குள் அவரும் கொஞ்ச இறாலும்.

தண்ணீரைக் கக்கிவிட்டு அவர் சொன்ன முதல் சொல், "செருப்பு".

பெயர் சுதாகரன். வவுனியாவில் வங்கி ஒன்றில் வேலை. ஆஸ்பத்திரிக்கு வாருங்கோ என்றால் மாட்டேன் என்றார். வீட்டுக்குக் கூட்டி வந்து தேத்தண்ணீர் கொடுத்தோம். யோசெப்பின் சாரம் அவருடைய இடுப்பைச் சுற்றி வரவில்லை, என் தையல் துணியில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே கேட்டார்: "இந்த இடத்தை வரைபடத்தில போட்டது ஆர்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"படம் வடிவா எடுத்திருக்கிறியள்" என்றார்.

அவர் போன பிறகு குசினிக்குள் போய் நின்று அழுதேன். வாகனம் போகலாம் என்று எழுதத் தெரிந்தது எனக்கு. ஆழம் என்று ஒரு சொல் எழுதினேனா?

26.02, திங்கள்

போனைத் தொடவில்லை. பள்ளிக்கூட யூனிபோம் தைத்தேன். சட்டைக் கைகளை மாறித் தைத்துவிட்டு, பிரித்துத் தைத்தேன்.

28.02, புதன்

சுதாகரன் எழுதியிருக்கிறார். "மிக நல்ல இடம். ஆழம் உண்டு, விழுந்தேன். ஆனால் மக்கள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிறார்கள். தேநீரும் தருகிறார்கள். குடும்பத்தோடு மறுபடி வருவேன்." ஐந்து நட்சத்திரம்.

ஸ்ரனிஸ்லஸ் அண்ணை வாசித்துவிட்டு இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்: "மக்கள் எண்டு பொதுவாப் போட்டிருக்கிறான். தலைவரைப் பற்றித் தனியா ஒண்டும் இல்லையோ?"

யோசெப் சிரிக்கவில்லை. "குடும்பத்தோடையோ?" என்றார். இரண்டு தரம்.

02.03, சனி

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு யோசெப் வந்து மெசினுக்குப் பக்கத்தில் நின்றார். சும்மா நிற்கிற ஆள் இல்லை. நான் தைப்பதை நிறுத்தவில்லை.

"இஞ்சரப்பா. அந்தப் போனை எடு."

எடுத்தேன்.

"அந்தக் குழியைப் போடலாமோ? எங்களுக்குத் தெரியும், அதால ஒருதருக்கும் சொல்லாமலே விட்டிட்டம். அதுக்கு அங்கால சேறு இழுக்கிற இடம் ஒண்டும் இருக்கு. அதையும் போடவேணும்."

பக்கத்தில் குந்தினார். வானத்தில் இருந்து எடுத்த படத்தில் எங்கள் களப்பை அவர் இன்றைக்குத்தான் முதன்முதல் பார்க்கிறார். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மீன் செதில் ஒட்டின விரலால் காட்டினார். "இன்னும் கொஞ்சம் கரைப்பக்கம். இல்லை, இல்லை… ஓம், அதிலதான்."

பெயர் என்ன போடுகிறது என்று கேட்டேன். "ஆழக் குழி, இறங்கவேண்டாம்" என்றார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்.

அனுப்ப முன்னம் ஒருதரம் அவரைப் பார்த்தேன். "போட்டால் பிறகு எல்லாருக்கும் தெரியும்."

"தெரியட்டும்" என்று எழும்பி, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு களப்புக்குப் போனார்.