கூம்பைத் திருப்பிய பிறகு

கலாட்ஸ்,
மே 2016

அன்புள்ள தம்பி வலேரியுவுக்கு,

அக்கா ஒட்டிலியா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அதில் பாதிதான் உண்மை. மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் உன் அத்தானும் ஒரே மின்னஞ்சல் கணக்கை வைத்திருக்கிறீர்கள், அதில் நான் எதையும் எழுத முடியாது. போனில் பேசலாம் என்றால் உன் குரல் கேட்டதும் அவர் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார். அதனால்தான் உன் கப்பல் வரும் சாண்டோஸ் துறைமுக ஏஜெண்டின் முகவரிக்கு அனுப்புகிறேன். கப்பலில் தனியாக இருக்கும்போது படி.

ஈஸ்டருக்கு மறுநாள் இலிங்காவின் கல்லறைக்குப் போனேன். நீ நட்ட ரோஜா கல்லைச் சுற்றிப் படர்ந்துவிட்டது. உன் பெயரிலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். உன் மனைவி பெயரைச் சொன்னாலே போனை வைத்துவிடுவாய், கடிதத்தில் அப்படிச் செய்ய முடியாதே என்று எழுதுகிறேன்.

கீழ்வீட்டு ஃபிலிமோனை நேற்று படிக்கட்டில் பார்த்தேன். "என்னம்மா, உங்க வீட்டுக்காரர் எப்பத்தான் செவ்வாய்க் கிரகத்துக்குக் கெளம்புறாரு? அவர் மிஷினைப் போட்டா என் டிவியில பந்தும் தெரியல, கோலும் தெரியல. போற வழியில என் டிவியையும் தூக்கிட்டுப் போகச் சொல்லு" என்றார். சிரித்துவிட்டு வந்தேன். உள்ளே சிரிப்பு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரியில் நீ விடுமுறையில் வந்தபோது நீங்கள் இருவரும் காரேஜில் அந்தச் செம்புக் கூம்பைத் தொங்கவிட்டதும், பழைய மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து எடுத்த குழாயை அதில் பொருத்தியதும், அது அசைவதைக் காட்டும் லேசர் புள்ளி சுவரில் நகர்ந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. ராக்கெட் மாதிரி எரிபொருள் எதையும் பின்னால் தள்ளாமல் ஒரு பொருள் தானே முன்னால் போகிறது என்று நீ என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாய். நீங்கள் அதை எடுத்து இணையத்தில் போட்ட வீடியோவை உலகமே பார்த்தது. ஜூலையில் ஜெர்மனியில் இதைப் பற்றி நடக்கும் கூட்டத்தில் நீ பேசப் போகிறாய், அதற்காகக் கப்பல் வேலையையே விடப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். அதனால்தான் இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

நீ போன பிறகு அவர் கூம்பைத் திருப்பி மாட்டினார். அகன்ற வாய் இந்தப் பக்கம் இருந்தது, அந்தப் பக்கம் போனது. அப்படியானால் புள்ளியும் எதிர்ப்பக்கம்தானே நகர வேண்டும்? அது பழைய பக்கமே நகர்ந்தது. பல முறை செய்து பார்த்தார். கடைசியில் கூம்பையே கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு சாதாரண ஹீட்டர் சுருளை மாட்டினார். அப்போதும் நகர்ந்தது. காரேஜிலிருந்து வந்து சூப் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "வயரும் சூடும்தான் தள்ளுது ஒட்டிலியா. கூம்பு ஒண்ணும் பண்ணல" என்றார்.

தம்பியிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். "எப்படிச் சொல்றது? இலிங்கா போனப்புறம் அவன் வாயைத் திறந்து பேசினதே இதைப் பத்தித்தான். இதையும் நான் புடுங்கிக்கவா?" என்று கேட்டுவிட்டு, உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது மீறுகிறேன்.

உண்மையைச் சொல்லவும் மனமில்லை, பொய்யைக் காட்டவும் மனமில்லை. அதனால் புதிதாக ஒன்று செய்கிறார். தரையிலிருந்து வயரே போகாமல், பேட்டரி முதற்கொண்டு எல்லாவற்றையும் அந்தத் தொங்கும் சட்டத்திலேயே ஏற்றி, குழாயையும் பெரிதாக்கி, அப்படியாவது நகருமா என்று பார்க்கப் போகிறாராம். சுற்றியிருக்கும் கம்பிவலைக் கூண்டில் சூடு தங்கி அளவு கெடுகிறது என்று அதையும் கழற்றப் போகிறார். அந்த வலை எதற்கு என்று உனக்கே தெரியும். மைக்ரோவேவ் அலை வெளியே வந்தால் முதலில் கண்தான் போகும் என்று நீதானே எனக்குச் சொன்னாய்.

சென்ற வாரம், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கண்டென்சர் அவரை அடித்துவிட்டது. மின்சாரத்தை நிறுத்திவிட்டோமே என்று கை வைத்திருக்கிறார். அலமாரியில் போய் விழுந்த சத்தம் கேட்டு நான் ஓடினேன். உதடு நீலமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் "ஒண்ணுமில்ல, கால் இடறிடுச்சு" என்றார். வலது கையில் இரண்டு கருகிய புள்ளிகள். அன்றிலிருந்து சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். வெளியே போனால் கையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்.

புதுக் கருவி முடிய இன்னும் சில வாரங்கள் ஆகும். அதற்குள் அவருக்கு இரண்டு வரி எழுது. எனக்கு இது வேண்டாம் அத்தான், விட்டுவிடுங்கள் என்று நீயாகத் தோன்றியது போல எழுது. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. நீ சொன்னால் மட்டும்தான் அவர் நிறுத்துவார்.

உடம்பைப் பார்த்துக்கொள். கடவுள் உன்னோடும் இருக்கட்டும், இந்த வீட்டோடும் இருக்கட்டும்.

உன் அக்கா,
ஒட்டிலியா


கலாட்ஸ்,
ஜூலை 2016

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதவில்லை. போன் செய்தாய். அன்று அவர் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருந்ததால் நீ பேசியதெல்லாம் எனக்கும் கேட்டது. "அக்கா எல்லாத்தையும் எழுதிட்டா. உங்களுக்குப் பயம் அத்தான். கடைசிப் படியில காலைப் பின்னால இழுக்குறீங்க. என்னை முட்டாளாக்கத்தான் இத்தனை மாசம் கூட இருந்தீங்களா?" என்றாய். கோழை என்றும் சொன்னாய்.

அவர் குரல் உயர்த்தவில்லை. "மச்சான், கூம்பைத் திருப்பினேன். புள்ளி திரும்பல. அவ்வளவுதான்டா" என்றார். நீ வைத்துவிட்டாய்.

என்னைத் திட்டுவார் என்று நின்றேன். "எழுதினது நல்லதாப் போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு காரேஜுக்குப் போனார். அந்த நிதானம்தான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. பின்னாலேயே போனேன். கம்பிவலை சுவரோரம் சாய்ந்து கிடந்தது. பேட்டரியை மாட்டிக்கொண்டிருந்தார்.

"வெளிய போ" என்றார்.

"வலையைப் போடுங்க, அப்புறம் பேசலாம்" என்றேன்.

"போட்டா சூடு தங்கும்."

"தங்கட்டும். உங்க கண்ணு போனா எனக்குச் சோறு ஊட்டத் தெரியாது." சொல்லிவிட்டு அவருக்கும் சுவிட்சுக்கும் நடுவில் போய் நின்றேன். முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் என்னை அப்படி முறைத்ததில்லை. என்னைத் தள்ளிவிடுவார் என்றே நினைத்தேன். பிறகு குனிந்து வலையைத் தூக்கினார். வலது கை பிடிக்கவில்லை, மறுமுனையை நான் பிடித்தேன். வலைக்குள் சூடு ஏறாதபடி கருவியை ஓட்டும் நேரத்தைக் குறைத்துக்கொண்டார்.

சுவிட்சைப் போட்டதும் அந்த உறுமல் தொடங்கியது. பல் கூசியது. அந்தக் கருவியை உடைத்து தன்யூப் ஆற்றில் போட வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன் தெரியுமா? ஆனால் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்தபோது, வலேரியு, நான் நகரு நகரு என்று வேண்டிக்கொண்டேன். உனக்காகத்தான். கொஞ்சமாவது நகரட்டும், என் தம்பி சொன்னது மெய்யாகட்டும் என்று.

அது அசையவில்லை. கூம்பைத் திருப்பி மாட்டினார். அப்போதும் ஆணி அடித்த மாதிரி நின்றது.

நிறுத்திய பிறகு கண்டென்சரில் மிச்சமிருக்கும் மின்சாரத்தை இறக்க வேண்டுமே, அதற்கான கொக்கிக் கழியை எடுத்தார். அடிபட்ட கைக்குப் பிடிமானம் இல்லாமல் கொக்கி அங்கேயும் இங்கேயும் ஆடியது. கழியை என்னிடம் நீட்டினார். நான்தான் வைத்தேன். வெடி போலச் சத்தம் கேட்டது. அவர் பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்து, "இன்னிக்குத்தான் ஒழுங்கா அளந்திருக்கேன்" என்றார். முகத்தில் சந்தோஷமா துக்கமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கேமரா முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பிப்ரவரி வீடியோவில் இருந்த தவறு என்னுடையது, வயரை அப்படி இழுத்தவன் நான், என்றார். வயரை இழுத்தது நீ. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். உன் பெயரை ஓரிடத்தில்கூடச் சொல்லவில்லை. கேட்டதற்கு, "அவனை எவனும் பார்த்துச் சிரிக்கக் கூடாது" என்றார். இணையத்தில் விலைபோனவன், ஏமாற்றுக்காரன் என்றெல்லாம் திட்டினார்கள். பிரேசிலில் ஒரு ஆசிரியை மட்டும், உங்களைப் பார்த்து நானும் என் கருவியைத் திருப்பினேன், எனக்கும் அதே கதைதான், நன்றி என்று எழுதியிருந்தார். அதை அவர் பல முறை படித்தார். கை இப்போது கொஞ்சம் தேவலை. மேல் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார்.

ஜெர்மனிக் கூட்டத்துக்கு நீ போகவில்லை என்று அதை நடத்தியவர்களே எழுதினார்கள். கப்பலை விடவும் இல்லை. அதற்காக நிம்மதியாக இருக்கலாம் என்றால் முடியவில்லை. அந்தப் போனுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. உங்கள் கப்பல் சமையல்காரர் ஸ்டெலிகாவின் மனைவியைச் சந்தையில் பார்த்தேன். நீ சாப்பிட வருவதில்லையாம். வேலை முடிந்ததும் பின்தளத்துக் கைப்பிடிக் கம்பியருகே தனியாகப் போய் நிற்கிறாயாம், கூப்பிட்டாலும் திரும்புவதில்லையாம். "உன் தம்பிகிட்ட யாராவது பேசுங்கம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். 

இதை உன் அத்தானிடம் சொன்னேன். அவர் உடனே பையை எடுத்து வைத்தார். உன் கப்பல் வந்து சேரும் ராட்டர்டாமுக்கு நாளைக் காலை பஸ்ஸில் கிளம்புகிறார். மூன்று நாடு தாண்டிப் போக வேண்டும். நம் ஆட்கள் வேலைக்குப் போகும் அந்த பஸ்தான், உட்கார்ந்தே போக வேண்டும். சலாமியும் ரொட்டியும் கட்டிக் கொடுத்திருக்கிறேன், உனக்கும் சேர்த்து. என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் பேசப் போறதில்ல. அவன் பக்கத்துல நிக்கணும்" என்றார்.

இந்தக் கடிதம், வழியில் லாஸ் பால்மாஸில் உங்கள் கப்பல் எண்ணெய் நிரப்பும்போதே உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அதுவரையும் அதற்குப் பிறகும் அந்தக் கம்பியருகே போகாதே தம்பி. சாப்பிடு. ஸ்டெலிகா தட்டு வைத்தால் மறுக்காதே. யார் மேல் கோபமோ, அந்தக் கோபத்தோடேயே கரைக்கு வா. யாரும் உன்னிடம் எதையும் கேட்க மாட்டோம்.

துறைமுகத்தின் உள்ளே வர அவருக்கு அனுமதிச் சீட்டு கிடையாது. வாசலில்தான் நிற்பார். நீதான் இறங்கி வர வேண்டும்.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்,
ஒட்டிலியா அக்கா