குலசாமியைக் காணப் போன சரக்குந்து

நார்வே நாட்டுக் குளிரில் குடியிருக்கும் என் அன்பு மகள் அன்புக்கரசிக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலமே. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடுதான் தாளை எடுத்தேன். கோவையில் வைகாசி பிறந்தும் வெயில் தணியவில்லை, என் தொண்டையும் ஓயவில்லை. இம்மாதம் மட்டும் ஒன்பது மேடைகள்.

அம்மாவின் தையற்கூடத்துக்குச் சூரத்திலிருந்து வாங்கிய பூத்தையல் இயந்திரம் வந்துசேர்ந்தது. வந்த கதையைத்தான் நீ கேட்கவேண்டும். பள்ளிகள் திறக்குமுன் நாலாயிரம் சீருடைகளில் சின்னம் தைத்துத் தருவதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் தாமதித்தாலும் அந்த வேலையும், அதை நம்பியிருந்த பன்னிரண்டு பெண்களின் கூலியும் போய்விடும். வெளிமாநிலத்தில் வாங்கினால் வரியை விற்றவரே பிடித்துக்கொண்டு, புறப்படும் ஊரும் சேரும் ஊரும் குறித்த ஈ-வே பில் என்னும் சரக்குச் சீட்டை வண்டியோடு அனுப்புவார். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. ஆனால், புது இயந்திரம் குலசாமி வாசலைக் காணாமல் கூடத்துக்குள் நுழைவதா என்று அம்மா, என்னிடம் ஒரு சொல்லும் கூறாமல், ஓட்டுநர் அர்ஷத்தை அழைத்து வண்டியைத் தாராபுரத்துப் பக்கம் திருப்பிவிட்டாள். அவரும், "அதுக்கென்னங்க, எங்கூட்லயும் இப்படித்தானுங்க" என்று திரும்பிவிட்டார். கோவிலுக்கு மூன்று கல் தொலைவில் வரித்துறைப் பறக்கும் படை மறித்தது. சீட்டில் கோவை, வண்டி நிற்பதோ தாராபுரத்துக் காட்டுவழி. வழியிலேயே வேறு எவருக்கோ விற்கப் பார்க்கிறீர்கள் என்பது அவர்கள் ஐயம். இல்லையென்று மெய்ப்பிக்காவிட்டால் வரியைப்போல் இருமடங்கு தண்டம். அதுவரை இயந்திரம் அவர்கள் காவலில்.

விடுவேனா நான்? அம்மாவையும் அழைத்துக்கொண்டு அலுவலகம் சென்று, மாநில உரிமையில் தொடங்கி எளிய வணிகரின் கண்ணீர் வரை கால்மணி நேரம் முழங்கினேன். அலுவலர் மதன்குமார் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். பிறகு சொன்னார்: "ஐயா, காலேஜ் படிக்கறப்ப உங்க பேச்சைக் கேக்கச் சைக்கிள் மிதிச்சு வந்தவனுங்க நான். கல்லுக்கு எதுக்குப் பூசைன்னு கேட்டீங்க. இப்ப மெஷினைச் சாமி கும்பிடக் கொண்டு போனோம்னு நீங்களே சொன்னா, நான் எப்படிங்க நம்பறது?" மகளே, நாற்பதாண்டு மேடை கண்ட நான், அவர் கொடுத்த தண்ணீரை அப்போதுதான் எடுத்துக் குடித்தேன்.

அப்போது அம்மா கைப்பையிலிருந்து கோவில் பூசைச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். மூன்று நாள் முன்னரே இணையத்தில் பதிந்தது. பெயர்: நஞ்சப்பன். நான் திகைத்துப் பார்க்க, "இருபத்தெட்டு வருசமா உங்க பேர்லதானுங்க சீட்டுப் போடறேன். நீங்க பேசற பேச்சுக்கு யாரும் கல்லெறியாம இருக்க வேண்டாமுங்களா?" என்றாள். அலுவலகமே சிரித்தது. மதன்குமார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இது போதுமுங்க. கூட உங்க கையெழுத்துல ஒரு விளக்கம் மட்டும் எழுதிக் குடுத்துருங்க" என்றார். 'புதிய இயந்திரத்தைக் குலசாமி முன் நிறுத்திப் பூசை செய்வது எங்கள் குடும்ப வழக்கம்' என்று எழுதவேண்டும். 'எங்கள்' என்னும் இடத்தில் என் பேனா நின்றது. அம்மா என்னைப் பார்க்கவில்லை, சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தாள். பள்ளி திறக்கப் பதினாறு நாள். எழுதிக் கையொப்பமிட்டேன்.

சிறு தண்டத்தோடு விடுவித்தார்கள். இத்தனை தூரம் வந்தாகிவிட்டதே, அப்படியே கோவிலுக்கும் போய்வரலாமா என்று மதன்குமாரிடமே அம்மா கேட்க, "அம்மா, சீட்டுல இருக்கற ஊருக்கே போயிருங்க, சாமி கோவிச்சுக்காது" என்று கும்பிட்டுவிட்டார். இப்போது இயந்திரம் இரவு பகலாய்த் தைக்கிறது. மூவாயிரம் சட்டை முடிந்துவிட்டது. அம்மா மட்டும் கோவிலுக்குத் தனியே பேருந்தில் போய்வந்தாள். நானே நிறுத்தம் வரை கொண்டுபோய் ஏற்றிவிட்டேன்.

நீங்கள் இருவரும் குறையொன்றுமின்றி நீடு வாழ்க. குளிருக்குக் காதை மூடாமல் வெளியே போகாதே, அம்மணி. இன்னொன்று: அந்த விளக்கத்தை அம்மா படமெடுத்து உனக்கு அனுப்பியிருப்பாள். வேண்டுமட்டும் சிரி, ஆனால் உன் பெரியப்பா மகன் உதய்க்கு மட்டும் அனுப்பிவிடாதே, அடுத்த கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்து அதை உரக்கப் படிப்பான்.

என்றும் அன்புடன்,
உன் அப்பா
நஞ்சப்பன்