முதுகில் வைத்த மூக்கு

இன்று காலை துவைப்பதற்காகத் துணிகளைப் பிரித்தபோது, என் சுடிதாரின் கைப்பகுதியில் ஒரு வெள்ளை நூல் ஒட்டிக்கொண்டு வந்தது. விரல் நீளம்தான் இருக்கும். ஒரு முனையில் கறுப்பு டேப். பூக்கட்டுகிற நூல். மல்லிகை வாசம் இருக்குமோ என்று முகர்ந்து பார்த்தேன். புழுதியும் கொஞ்சம் பெட்ரோலும்தான். பக்கெட்டில் தண்ணீர் நிரம்பி வழியும் வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

உன்னிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. அதற்கு முன், நாம் முதன்முதலில் நூல் ஒட்டிய நாளுக்குப் போக வேண்டும்.

செம்பட்டியைத் தாண்டி, உங்கள் மல்லிகைத் தோட்டத்தை ஒட்டிய வறண்ட குளம். அதுதான் உன் ஓடுதளம். பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி, பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, மண்தடப் பந்தயத்துக்கு அதைத் தயார் செய்துகொண்டிருந்தாய். முதல் பந்தயத்திலேயே முன்னால் போன வண்டி எறிந்த கல் உன் ரேடியேட்டரைக் கிழித்துவிட்டது. அடைத்து ஓட்டினாய். மறுபடியும் கல், மறுபடியும் ஓட்டை.

"முன்னாடி இருந்தாத்தானடி கல்லு படும்? பின்னாடி கொண்டுபோயிருவோம்."

எஞ்சின் முன்னால் இருந்தது. அதைக் குளிரவைக்கும் ரேடியேட்டர் பின்சீட்டு இருந்த இடத்துக்கு வந்தது. இரண்டுக்கும் நடுவே நீண்ட இரண்டு தண்ணீர்க் குழாய்கள். பூச்சந்தையிலிருந்து காலிச் சாக்குகளோடு மொபெட்டில் திரும்பிய உன் அம்மா, வண்டியை நிறுத்தாமலே பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மூக்கக் கொண்டுபோயி முதுகுல வச்சா மூச்சு முட்டத்தான் செய்யும்."

முட்டியது. குளத்தை ஒரு சுற்று வருவதற்குள் கார் கொதித்தது.

நம் தப்பு எங்கே என்று இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. நீ வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சி வளர்ந்தவள். காற்றையும் தண்ணீராகவே நினைத்தாய். கூரை மேல் ஓடிவரும் காற்று மடையில் விழுவதைப் போலக் காரின் பின்புறம் விழும் என்று நம்பி, பின்கதவில் பெரிய துளை வெட்டினாய். உள்ளே வந்த காற்று ரேடியேட்டர் வழியாக அடித்தட்டில் இறங்கிப் போக வேண்டும் என்பது உன் கணக்கு. எனக்கும் அது சரியாகவே பட்டது. படித்த புத்தகங்களில் எதுவும் எனக்கு அப்போது உதவவில்லை.

"காத்து எங்க போகுதுன்னு கண்ணால பாத்துருவோம்" என்று அம்மாவின் நூல்கண்டை எடுத்து வந்தாய். துண்டு துண்டாக வெட்டி, பாதி ஒட்டாத உன் பழைய டேப்பை வைத்துக் கார் முழுக்க ஒட்டினோம். வாசலிலிருந்து அம்மாவின் சத்தம் வந்தது.

"எவடி என் நூல்கண்ட எடுத்தது? காருக்குப் பூ வைக்கப் போறீகளாக்கும்?"

"ஆமாம்மா, சமஞ்சிருச்சு!"

நீ ஓட்டினாய். நான் ஸ்கூட்டரில் பக்கத்திலும் பின்னாலும் வந்தேன். என்னையும் ஓட்டச் சொல்லி எத்தனையோ முறை கேட்டிருக்கிறாய். எனக்குப் பார்க்கத்தான் வரும் என்பேன். அன்று நீயே அதைச் சொன்னாய்: "ஓட்டுறவளுக்கு முதுகுக்குப் பின்னாடி நடக்குறது தெரியாது. பாத்துச் சொல்ல ஒரு ஆளு வேணும்."

பின்கதவில் ஒட்டிய நூல்கள் துளைக்குள் போகவில்லை. வெளியே துள்ளின, சுழன்றன, சில முன்பக்கம் நோக்கி மேலே எழுந்தன.

"வெளிய பாக்குதுடி! எல்லாம் வெளிய பாக்குது!"

"நீ சரியாப் பாருடி, கண்ணாடியத் தொடச்சுட்டு!"

பக்கவாட்டில் ஒட்டிய நூல்கள் மட்டும் எண்ணெய் தடவிச் சீவிய தலைமுடி போலப் பின்னோக்கிப் படிந்து கிடந்தன.

வண்டியை நிறுத்தி, குளத்து மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். பிறகு, கார் விலகிப் போகிற இடம் காலியாகிறது, அந்தக் காலியிடம் காற்றை உறிஞ்சுகிறது, உறிஞ்சுகிற இடத்தில் போய் நாம் வாயைத் திறந்து வைத்திருக்கிறோம் என்றாய். நாம் வாய் என்று நினைத்து வெட்டியது உடம்பின் எந்தப் பகுதி என்பதையும் சொன்னாய். அதை இங்கே எழுத மாட்டேன். அம்மா விளக்குமாற்றைத் தேடியது நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் திருப்பினோம். பின்பக்கத் துளை காற்று வெளியேறும் வழி ஆனது. ஃபேன் திசை மாறியது. அடித்தட்டுத் துளையை மூடினோம். ரேடியேட்டரைச் சுற்றி இருந்த சந்துகளை எல்லாம் ரப்பர் ஷீட் வைத்து அடைத்தாய். "காத்து சோம்பேறிப்பய. சுத்திப் போக வழி இருந்தா உள்ள நொழைய மாட்டான்." பின்பக்கப் பக்கவாட்டுக் கண்ணாடிகளை எடுத்துவிட்டு, எண்ணெய் டின்னை வெட்டி மடித்து, காற்றை அள்ளி உள்ளே தள்ளும் காதுகள் செய்தாய். இடது காதை ரிவெட் அடித்துப் பொருத்தினாய். வலது காதை மடித்து வைத்துவிட்டு, உடம்பு அனத்துகிறது என்று போய்ப் படுத்தாய். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார்கள். நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது நீ இல்லை. அந்தப் பழங்களை என்ன செய்தேன் என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

யாரிடமும் நான் எதுவும் சொல்லவில்லை. வேலைக்குப் போனேன், படித்தேன், கேட்டவர்களிடம் நல்லாருக்கேன் என்றேன்.

போன வாரம் உன் அம்மா கூப்பிட்டார். காயலான் கடைக்காரன் காரைக் கேட்கிறானாம். "ஓடுறதுன்னா கெடக்கட்டும் தாயி. ஓடாததப் பாத்துக்கிட்டே எம்புட்டு நாளு இருக்கது? நீ ஒருக்கா வந்து பாத்துச் சொல்லிரு."

நேற்று போனேன். வலது காது நீ வைத்த இடத்திலேயே துரு ஏறாமல் கிடந்தது. என் கையால் ரிவெட் அடித்தேன். கோணல்தான், நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். குழாய்களில் நின்ற காற்று வெளியேறும் வரை தண்ணீர் ஊற்றினேன். நான் வாங்கிப்போன டேப்பில் புது நூல்கள் ஒட்டினேன். இந்த முறை நூல்கண்டை அம்மாவே கொண்டுவந்து கொடுத்தார்.

அப்புறம்தான் உறைத்தது. பார்க்க நான் இருக்கிறேன், ஓட்ட ஆள் இல்லை.

"நீ ஓட்டு. நான் பாக்குறேன்" என்று அம்மா மொபெட்டை உதைத்தார்.

முதல் சுற்றிலேயே எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறியது. இரண்டாவது சுற்றில் இன்னும் ஏறியது. பாதியைத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும், காயலான் கடைக்காரனை வரச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மொபெட்டின் சத்தம் மட்டும் புழுதிக்குள் வந்துகொண்டிருந்தது. அப்போது அம்மா கத்தினார்.

"ஏத்தா! காதுல இருக்க நூலு அம்புட்டும் உள்ள போகுது! பொறத்தால இருக்கது வெளிய பறக்குது! ஓட்டு, ஓட்டு, நிப்பாட்டாத!"

ஓட்டினேன். முள் பாதியில் நின்றது. எத்தனை சுற்று வந்தேன் என்று எண்ணவில்லை.

நிறுத்திய பிறகும் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா பின்பக்கம் போய், துளையின் முன்னால் உள்ளங்கையைக் காட்டினார். சூடான காற்று அவர் முந்தானையைத் தள்ளியது. அனல் தணியும் வரை கையை எடுக்கவே இல்லை.

"மூச்சு விடுது பாரு" என்றார். பிறகு முகத்தைத் திருப்பாமலே கேட்டார்: "நீ எப்படித்தா இருக்க?"

வழக்கமாகச் சொல்வதை நான் சொல்லவில்லை. குளத்து மண்ணில், நீ சம்மணம் போட்ட இடத்தில் உட்கார்ந்து, இருட்டும் வரை சொன்னேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

காயலான் கடைக்காரனை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. நூலை, படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தில் பக்க அடையாளமாக வைத்திருக்கிறேன். உன் டேப் மாதிரி இல்லை, இது இன்னும் ஒட்டுகிறது.