எறும்பு வராத தெரு

மார்கழி 1, திங்கள்

இன்று காலை வாசலில் இருந்தவர்கள்: நான், மருமகள் ஜெயஸ்ரீ, எதிர்வீட்டுக் காசியம்மாள், அவள் மகள் கமலம், கமலத்தின் இடுப்பில் ஒன்றரை வயது இனியா. என் மகன் திருமால் பல் தேய்த்துக்கொண்டு படியில் நின்றான். பேத்தி தமிழினி தூக்கத்தில், அவளைச் சேர்க்கவில்லை.

காசியம்மாள் கோலம் அப்படியொரு வெள்ளை. பீங்கான் கம்பெனியில் மிச்சமாகும் கல்மாவில்தான் எங்கள் தெருவே கோலம் போடும். இது கல்மாவு இல்லை. மைதா மாதிரி நைஸ். "கம்பெனியில சும்மா குடுத்தாங்க. எறும்புக்குன்னு அரிசி மாவும் கலந்திருக்கேன்" என்றாள். சொன்னது ஜெயஸ்ரீயிடம். என்னிடம் பேசமாட்டாள், நானும் பேசமாட்டேன். திருமால் கல்யாணப் பந்தியில், சாவு வீட்டில் மூடுவது போல இலையை எதிர்ப்பக்கம் மூடிவிட்டு எழுந்து போனவள். இருபது வருஷம் ஆகிறது. எனக்கு நேற்று.

மார்கழி 5, வெள்ளி

எதிர்வாசல் கோலத்தில் எறும்பு மொய்க்கிறது. முதல் நாள் வரிசையாக வாரிக்கொண்டு போயின. இன்று வரிசை இல்லை. ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகின்றன, வளையை மறந்துவிட்டது போல.

மார்கழி 8, திங்கள்

எங்கள் சுவர் ஓட்டையிலிருந்து எறும்புகள் செத்த எறும்புகளைச் சுமந்து வந்து வெளியே போடுகின்றன. காலையிலிருந்து. ஓயவில்லை.

மார்கழி 9, செவ்வாய்

இன்று சுமக்கவும் ஆளில்லை.

மார்கழி 11, வியாழன்

வேண்டுமென்றே வெல்லத் துண்டை அடுப்படியில் வைத்தேன். மத்தியானம் வரை ஒன்றுகூட வரவில்லை. சர்க்கரை டப்பாவைத் திறந்து போட்டேன். இல்லை.

"நல்லதுதானே அத்தே, தொல்லை விட்டுச்சு" என்கிறாள் ஜெயஸ்ரீ.

நல்லதா? வீட்டுக்குள் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது போல இருக்கிறது எனக்கு. அடுத்த வீட்டிலும் விசாரித்தேன். அங்கேயும் இல்லையாம். தெருவோடு எங்கே போயின?

மார்கழி 12, வெள்ளி

கமலம் பழைய கோலத்தைத் துடைப்பத்தால் தள்ளினாள். பொடி கீழே விழவில்லை. வெயிலில் அப்படியே நின்றது, மெல்லிசாக, புகை மாதிரி. அதற்கு நடுவில் இனியா உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தாள்.

திருமால் வேலைக்குக் கிளம்பினான். அந்த வாசல் வந்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினான். தாண்டியதும் எடுத்துவிட்டான். பிணத்தைக் கடந்து போகிறவன் போல. அங்கே பிணம் ஏது?

மார்கழி 14, ஞாயிறு

எழுதியே ஆகவேண்டும்.

ஜெயஸ்ரீ அந்தப் பொடியில் ஒரு கிண்ணம் காசியம்மாளிடம் வாங்கி வந்து நம் வாசலில் புள்ளி வைத்தாள். திருமால் பார்த்துவிட்டான். ஒரே பாய்ச்சல்.

"ஏய்! நம்ம வூட்டுல அத சேக்கக் கூடாதுன்னு எத்தினி தடவ சொன்னேன்! தொடப்பத்த எடுக்காத. ஈரத்துணி. வாயில துணி கட்டிக்கினு தொட. கைய சோப்பு போட்டுக் கழுவு, பொடவைய மாத்து, அதுக்கப்புறம் சமையக்கட்டுக்குப் போ!"

நான் கேட்டேன். "நம்ம வூட்டுல சேக்கக் கூடாது. எதுரு வூட்டுல சேக்கலாமா?"

ஈரத்துணி எடுக்கிற சாக்கில் கொல்லைப்பக்கம் திரும்பினான். விடுவேனா? கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கினான். கப்புக்கும் பொம்மைக்கும் பளபளப்புப் பூச்சு கலக்கும் இடத்துக்கு இவன்தான் மேஸ்திரி. முதலாளி எங்கோ மூடிப்போன டியூப்லைட் கம்பெனியின் சரக்கை மலிவாக வாங்கிவிட்டாராம். கேட்மியமும் போரானும் சேர்ந்த பொடி. விஷம். சோதனைக்கு ஆள் வருவதற்குள் காலி பண்ணு என்றாராம். கோலத்துக்கு நன்றாக இருக்கும் என்று இவன் சொன்னதும், வேலைக்கு வரும் பெண்கள் ஆளுக்கொரு பையாகச் சுமந்து போய்விட்டார்கள்.

"எடுத்துச் சொல்றதுக்கென்னடா?"

"சொன்னா வேல போயிடும்மா."

செருப்புகூடப் போடாமல் எதிர்வாசலுக்கு ஓடினேன். இனியா கோலத்தில் உட்கார்ந்து விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். வாயைச் சுற்றி வெள்ளை. சிரித்தாள்.

குழந்தையைத் தூக்கினேன். காசியம்மாள் வந்துவிட்டாள். "இருவது வருசம் கழிச்சு வாசப்படி ஏறுறவ, என் கோலத்த மிதிச்சிக்கினுதான் வரணுமா?"

"காசி, இது விசம்டி. புள்ள வாயக் கழுவு."

பேர் சொல்லி நான் கூப்பிட்டதே போதும், அவள் முகம் செத்துப்போயிற்று.

மார்கழி 15, திங்கள்

விடிகாலை இனியாவுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. கமலமும் காசியம்மாளும் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

முனை வீட்டுப் பூர்ணிமா காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுக்கிறவள். அவளைக் கூட்டி வந்தேன். வாசல் வாசலாக நின்று சொன்னாள்.

"இதுக்கு வாசனை கெடையாதுங்க, அதனால பயம் வராது. தண்ணியிலயும் லேசுல கரையாது. போரான்தான் எறும்பக் கொல்லும். கேட்மியம் மனுசனுக்கு. மூச்சுல போனாலும் வாயில போனாலும் கிட்னியில போயி ஒக்காந்துக்கும். வருசக்கணக்கா எறங்காது. எலும்பக்கூட அரிக்கும். அடுப்புல போட்டுடாதீங்க, புகை இன்னும் மோசம். சாக்கடையிலயும் கொட்டாதீங்க. தொடச்ச துணியோட மூடி போட்ட வாளியில வைங்க, அதிகாரிங்க வந்து எடுத்துப்பாங்க."

அதிகாரிகளுக்குப் போனில் தகவலும் சொன்னாள்.

தெருவே முகத்தில் துணி கட்டிக்கொண்டு மண்டியிட்டுத் துடைத்தது. மார்கழிக் காலையில் ஒரு வாசலிலும் கோலமில்லை. ஊரில் எல்லார் வீட்டிலும் சாவு விழுந்தது போல.

மார்கழி 22, திங்கள்

அதிகாரிகள் வந்தார்கள். முதலாளி வெள்ளைச் சட்டையில் நின்று, "பொம்பளைங்க திருடிட்டுப் போயிருக்காங்க சார்" என்றார். முதல் பெயரே காசியம்மாள். அவள் குழந்தையோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், எதிர்த்துப் பேச ஆளில்லை.

திருமால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சொல்லுவான், சொல்லுவான் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

நான் முன்னால் போனேன். ஜெயஸ்ரீ புடவையைப் பிடித்து இழுத்தாள். "அத்தே, வேணாம், அவரு உள்ள போயிடுவாரு."

"யாரும் திருடல சார். கோலத்துக்குன்னு சொல்லிக் குடுத்தவன் தோ நிக்கிறான். நான் பெத்தவன். குடுக்கச் சொன்னவரு பக்கத்துலயே நிக்கிறாரு."

அதிகாரி எழுதிக்கொண்டார். திருமால் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். சின்ன வயதில் அடி வாங்குவதற்கு முன்னால் பார்ப்பானே, அந்தப் பார்வை. நான் கண்ணை எடுக்கவில்லை.

மார்கழி 25, வியாழன்

கம்பெனிக்குப் பூட்டு. தெருவில் பாதிப் பேர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்புகிறார்கள். ஆஸ்பத்திரியில் இனியாவைப் பார்த்துவிட்டுக் காசியம்மாளோடு பஸ்ஸில் வரும்போது முந்தானையில் முடிந்த சுண்டலை நீட்டினாள். "தின்னுடி, வெசம் இல்ல." சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் அழுதுவிட்டோம்.

தை 1, செவ்வாய்

இனியா வீட்டுக்கு வந்துவிட்டாள். நடக்கிறாள், இட்லி தின்கிறாள். ஆனால் மூத்திரப் பரிசோதனையில் அந்த விஷம் இருக்கிறதாம். பெரியவளாகும் வரை கிட்னியைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவள் கல்யாணம் வரைக்குமா என்று கமலம் கேட்டாள். அவர் அடுத்த பரிசோதனைக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்.

பொங்கல் பொங்கியதும் மகன் வந்து காலில் விழுந்தான். கேஸ் நடக்கிறது, ஜாமீனில் இருக்கிறான். "பெரிய மனசு பண்ணும்மா" என்றான். கையைத் தூக்கவில்லை. காலை மட்டும் இழுத்துக்கொண்டேன்.

முதலாளிக்கு அந்தக் குழந்தையின் பேர்கூடத் தெரியாது. தெரிந்தவன் ஒருவன்தான். தினமும் வேலைவிட்டு வந்து, சட்டையை மாற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, அதற்கப்புறம்தான் அவளைத் தூக்கிக் கொஞ்சினான். கொஞ்சிவிட்டு அதே கோலத்தில் இறக்கிவிட்டான்.

எங்கள் ஊர்ச் சாமி விருத்தகிரீஸ்வரர் சாட்சியாக எழுதுகிறேன், என் கட்டை வேகும் வரை மன்னிக்கமாட்டேன்.

திருமாலை.