எகேகோவின் கழுத்தில் இரண்டு வேலை

செனோபியா,

தூங்கிக்கொண்டிருந்தாய், எழுப்பவில்லை. வேர்க்கடலை சூப் அடுப்பில் இருக்கிறது.

புத்தகக் கடையை இன்று திறக்கிறேன். "வாயத் திறக்கவே உங்களுக்கு ஒரு வாரம் ஆகும். கடையத் திறந்து என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டாயே, அதற்குப் பதில் யோசித்துக்கொண்டுதான் இரண்டு நாளாகப் பேசாமல் இருந்தேன். கோபமில்லை.

வேண்டுவதைக் குட்டிப் பொம்மையாக வாங்குகிற அலசிட்டாஸ் சந்தையில் நான் தீப்பெட்டி அளவுக் கடை ஒன்று வாங்கினேன். நீயோ எனக்குத் தெரியாமல், என் பெயருக்குக் கட்டைவிரல் அளவில் ஒரு வேலை நியமன ஆணை வாங்கினாய். இரண்டையும் எகேகோ சாமியின் கழுத்தில் மாட்டிவிட்டோம். மாட்டியதையெல்லாம் தருகிற சாமி அல்லவா? நேற்று என் ஆபீஸான தண்ணீர் வாரியத்திலிருந்து வந்த உறையில் என் ராஜினாமாவை ஏற்ற கடிதமும் இருக்கிறது, என்னை மேலாளராக்கிய ஆணையும் இருக்கிறது.

மதியம் பூசாரி கலிஸ்தோ வருவார். சந்தையிலேயே திட்டினார்: "ஒரு ஆளுக்கு ரெண்டு பொழப்பு கேட்டா சாமி என்னய்யா பண்ணும்? ஒண்ணக் கழட்டு!" எதைக் கழற்றுவது என்று நீயே அவரிடம் சொல்லிவிடு. உன் விருப்பம்.

இன்று வெள்ளிக்கிழமை, சாமி புகை பிடிக்கும் நாள். சாமி வாயில் சிகரெட் வைக்க மறந்துவிடாதே.

பி.கு: நீ சந்தையில் வாங்கிய குட்டி ஆணையைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். 'மேலாளர்' என்று உன் கையெழுத்தில் இருக்கிறது. பத்தொன்பது வருஷக் குமாஸ்தாவை அப்படி நினைத்தவள் நீ ஒருத்திதான். கடையில் வாய் திறந்து நாலு பேரைக் கூப்பிட அது போதும்.

எலியோடோரோ