வலப்பக்கம் கை காட்டியவள்

உங்கள் வண்டியின் பழைய ஃப்ளாஷர் என் கைப்பைக்குள் கிடக்கிறது. இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் அந்தக் கறுப்பு டப்பாதான், தீப்பெட்டி அளவு. பேனாவைத் தேடிக் கையை விட்டால் முதலில் அதுதான் அகப்படுகிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதே பெரிய விஷயம். சித்திரையில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வராத நாளிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. குழம்புக்கு உப்புப் போட்டேனா என்று யோசித்துக்கொண்டே மறுபடியும் போடுகிறேன்.

போன வாரம் உங்கள் அண்ணன் கல்லிடைக்குறிச்சியிலிருந்து போன் செய்தார். "வண்டி சும்மாதானம்மா நிக்கு. ஞாயித்துக்கிழமை ஒரு ஆளைக் கூட்டிட்டு வாரேன், குடுத்துருவோம்." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். "சரி அத்தான்" என்று வைத்துவிட்டேன். வைத்த கையோடு வண்டிமேல் கிடந்த போர்வையை உருவினேன். நீங்கள் எனக்குக் கியர் போடக் கற்றுக்கொடுத்த வண்டி அது. எவனோ அதை ஓட்டிக்கொண்டு போவதை வாசலில் நின்று பார்க்க என்னால் ஆகாது.

நானே ஓட்டலாம். ஆனால் வலப்பக்கம் இண்டிகேட்டர் ஏது? கொக்கிரகுளத்தில் எருமை குறுக்கே வந்து வண்டி சாய்ந்த அன்று முன்னும் பின்னும் இரண்டும் உடைந்தன. மாட்டுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! "நீதான் பின்னால இருக்கேல்லா. கையை நீட்டுட்டி" என்பீர்கள். சேலையில் ஒருபக்கமாக உட்கார்ந்தால் வலக்கையை நீட்ட வராது என்று நான் சுடிதாருக்கு மாறியதே அதற்காகத்தான். தெருவில் என்னை நாகரிகக்காரி என்றார்கள். மார்க்கெட் திருப்பத்தில் பஸ்காரன் ஹாரனை அலறவிட, நான் வளையல் குலுங்கக் கை நீட்ட, நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை வளைப்பீர்கள். என்ன தைரியம்! ஒருநாள் வண்ணார்பேட்டைக் கடை வாசலில் மின்னிக்கொண்டிருந்த இண்டிகேட்டர்களைக் காட்டினேன். "உன் வளையலை விடவா பளபளப்பா விக்கான்?" என்று ஒரே போடாகப் போட்டீர்கள். அந்தக் கஞ்சத்தனத்துக்கு வெட்கப்பட்டுச் சிரித்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

அதே கடைக்குத்தான் போனேன். கடைக்காரர், "ஸ்கூட்டருக்காக்கா?" என்றார். இல்லை, கியர் வண்டிக்கு என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கண்ணாடி மேசைமேல் பரப்பினார். அம்பு போல் ஒன்று, இலை போல் ஒன்று, நீலமாக மின்னுவது ஒன்று. அம்பை எடுத்தேன், வைத்தேன், இலையை எடுத்தேன், மறுபடி அம்பு. நீலம் அழகுதான், ஆனால் ஐப்பசி மழையில் லாரிக்காரனுக்கு ஆரஞ்சுதானே புரியும். கடைசியில் உள்ளிருந்து வெளியே ஓடி ஓடி எரிகிற ஆரஞ்சு எல்.இ.டி. பட்டை. பட்டப்பகலிலேயே கண்ணைக் குத்தியது. இதுதான் என்றேன். நான்கையும் மாட்டினார். சுவிட்சைத் தள்ளினால் படபடவென்று அடித்துக்கொண்டது.

"என்ன இப்படிப் பதறுது?"

"பழைய ஃப்ளாஷர்லாக்கா. புது லைட்டு கரண்ட் கம்மியாத்தான் இழுக்கும். இது ஒரு பல்பு போயிட்டுன்னு நெனச்சுக்கிடுது. ஒண்ணு இல்லன்னா மத்தது இப்படித்தான் கிடந்து அடிக்கும்."

அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் புதியதைத் தேடப் போனார். நான் கடை என்றும் பாராமல் அழுதுவிட்டேன். சித்திரையிலிருந்து நானும் அப்படித்தானே அடித்துக்கொண்டிருக்கிறேன்.

புது ஃப்ளாஷர் போட்டதும் விளக்கு நிதானமாக ஓடியது. பழையதை அவர் குப்பைக்கூடையில் போடப்போனார்.

"அதை இங்கன தாங்க."

"இது இனி ஆகாதுக்கா."

"ஆகாட்டா போகட்டும், தாங்க."

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. சனிக்கிழமையே சேரன்மகாதேவி வழியாகக் கல்லிடைக்குறிச்சிக்கு விட்டேன். தெருவுக்குள் வலப்பக்கம் திரும்பினால், அத்தான் வாசலிலேயே நிற்கிறார். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் அணைக்க மறந்த விளக்கைப் பார்த்தார்.

"என்னம்மா இது, கோயில் கொடைக்கு சீரியல் செட்டு போட்ட மாதிரி?"

"பின்னால ஆள் இல்லேல்லா அத்தான்."

அவர் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் குடித்து முடித்த பிறகு, "அந்த ஆளை வர வேண்டாம்னு சொல்லிருதேன்" என்றார்.

வண்டி என்னிடம்தான் இருக்கிறது. விளக்கைப் பார்த்துத் தூரத்து லாரிகூட ஒதுங்குகிறது. ஆனாலும் ஒவ்வொரு வலப்பக்கத் திருப்பத்திலும் என் வலது தோள் தானாக எழும்புகிறது. அந்தக் கை இப்போது ஆக்சிலேட்டரில் இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் அதற்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. வளையல் மட்டும் ஒருமுறை குலுங்கும். கழற்றச் சொன்னார்கள். நான் கழற்றவில்லை.